பணித்தரம்

திமிரிக்கு மேற்கே
ஏரிக்கரை திரும்புகிற இடத்தில்
சாலை வரப்போகிறது.
சாலைக்கு நடுவில் ஒரு பண்ணை வீடு.
அதற்கு விலை சொல்ல என்னை அனுப்பியிருக்கிறார்கள்.

டேப்பின் ஒரு முனை என்னிடம்,
மறுமுனை இர்ஃபானிடம்.
நீளம் எழுபத்திரண்டு அடி,
அகலம் நாற்பத்தொன்று.
கிழக்கே மட்டும் அரை அடி கூடுகிறது.
அன்று அளந்தவனின் கயிறு
மழையில் நனைந்து நீண்டிருக்கலாம் என்று நினைத்தேன்,
வாசல் நிலையைப் படிக்கும்வரை.

"தாது வருஷம் ஆவணி."

அவசரமாகச் சாப்பிட்டால் அப்பா கேட்பார்:
தாது வருஷத்துல பொறந்தியா?
அது ஏதோ வசவு என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன்.

சுவர் கனம் இரண்டே முக்கால் அடி.
ஜன்னலில் தோள்வரை கையை நுழைத்தால்
விரல்நுனி மட்டும் வெயிலைத் தொடுகிறது.
மாடும் மனிதரும் ஒரே வாசலில் நுழைந்து
மாடு இடப்பக்கம், மனிதர் வலப்பக்கம் பிரிகிறார்கள்.
நடுவில் ஜன்னலே இல்லாத களஞ்சியம்.
வீட்டுக் கதவுக்குத் தாழ்ப்பாள் இரண்டு,
களஞ்சியத்துக்கு ஐந்து.
எழுதிக்கொண்டேன்:
தேக்குக் கதவு ஒன்று, இரும்புச் சாமான் உட்பட.

"பஞ்சத்துல முந்நூறு பேருக்குக் கஞ்சி ஊத்துன கை மேடம்,
எங்க வெங்கு ரெட்டியாரு.
சும்மா வாங்கிக் குடிக்கக் கூச்சப்படுவாங்கன்னு
வீடு கட்டச் சொன்னாரு.
ஆளுக்கு அரைப்படி கேவுரு."
துளசிராமன் இதைச் சொல்லும்போது
மோர் கொண்டுவந்து வைத்தார்.
நல்ல மோர். இரண்டு டம்ளர் குடித்தேன்.

தெற்குச் சுவரில் பூச்சு உதிர்ந்து
செங்கல் தெரிகிறது.
ஏழடிவரை நூல் பிடித்த வரிசை.
சுண்ணாம்புச் சந்து நகக்கண் அளவுதான்.
ஏழடிக்கு மேல்
வரிசை அலைகிறது.
சந்து கட்டைவிரல் கனத்துக்குத் தடிக்கிறது,
கல்லைத் தூக்கிய கை
வைத்த இடத்திலேயே விட்டுவிட்டது போல.
ஓரிடத்தில் ஈரச் சாந்தில் பதிந்து காய்ந்த
நாலு விரல்.
என் விரலை வைத்துப் பார்த்தேன்.
என்னுடையது பெரிது.

கொத்தனார் மாறியிருக்கலாம்.
சாரம் ஆடியிருக்கலாம்.
கடுக்காய்த் தண்ணீர் போதாமல் போயிருக்கலாம்.
படித்த படிப்பு இன்னும் நாலைந்து காரணம் சொல்லும்.

களஞ்சியத்துக்குள் டார்ச் அடித்தான் இர்ஃபான்.
காவிக் கோடுகள், ஐந்தைந்தாக.
முதல் வரியில் எண்பது.
பிறகு எழுபத்தொன்று.
ஐம்பத்தாறு.
முப்பத்தெட்டு.
அதற்கப்புறம் சுவரில் கரையான்.
"மூட்டைக் கணக்கு" என்றார் துளசிராமன்.
இருக்கும்.
மூட்டையும் குறையத்தான் செய்யும்.

மெத்தை உத்திரத்தில் இன்னொரு செதுக்கல்:
"ஈசுவர வருஷம் தை."
அந்த எழுத்து அழகாக இருக்கிறது.
வெளியூர்த் தச்சன் போலும்.

படிவத்தில்
வயது: நூற்று நாற்பத்தெட்டு.
தேய்மானம்: அட்டவணைப்படி.
இடிபொருள் மதிப்பு: கழிக்கவும்.
இந்தச் செங்கல்லை நொறுக்கிச்
சாலைக்கு அடியில் போட்டுக்கொள்வார்களாம்.
பணித்தரம்:
நன்று, நடுத்தரம், குறைவு.
ஏதேனும் ஒன்றில் மட்டும் டிக் செய்க.

பேனாவைப் பிடித்தபடி நான் நிற்பதைப் பார்த்து
துளசிராமன் கிட்டே வந்தார்.
அவருக்கு ஒரு பெண் கல்யாணத்துக்கு இருக்கிறாள்,
வங்கியில் நகை இருக்கிறது.
"மேல கொஞ்சம் கோணல்தான்.
அந்தக் காலத்து ஆளுங்க, சோம்பேறிங்க.
கோணலுக்குப் பணம் கொறைப்பீங்களா மேடம்?"

இர்ஃபான் டேப்பைச் சுற்றினான்.
அது நாடா முழுக்கச் சுண்ணாம்போடு
உள்ளே போனது.